ஒன்பதாவது நிரல்

கிளிநொச்சியில் எனக்குக் கிடைத்த முதல் வேலைக்கான ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஏழு பக்கம். சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசு தருவார்களா என்ற மூன்றையும் தேடிப் பார்த்துவிட்டு மிச்சப் பக்கங்களில் கையெழுத்து வைத்துக்கொண்டே போனேன். இரகசியம் பேணுவது பற்றி ஐந்தாம் பக்கத்தில் ஒரு நீளப் பந்தி இருந்தது. எச்சரிக்கைக் கடிதம் கையில் கிடைத்த பிறகுதான் அதை வாசித்தேன்.

2013, வன்னி முழுக்க வீட்டுத்திட்டக் கதை. அதற்கு முந்தின செப்டெம்பரில்தான் போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமை மூடியிருந்தார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் என்றால் தறப்பாள் கொட்டிலில் இருந்த சனத்துக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் அதைவிடச் சின்ன ஒரு நிறுவனம், கொஞ்ச வீடுகளும் மலசலகூடங்களும் கட்டிக் கொடுத்தோம். யாருக்குக் கொடுப்பது என்று புள்ளி போட வேண்டும். பெண் தலைமை தாங்கும் குடும்பமா, அங்கம் இழந்தவர் இருக்கிறாரா, நோயாளி இருக்கிறாரா... புள்ளி போட வேண்டுமென்றால் கேட்க வேண்டும், கேட்டால் சனம் சொல்லும். இதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. முன்பின் தெரியாத ஒருத்தி படிவக் கட்டோடு வந்து நின்றால் பாயை விரித்து, பிளேன்ரீ ஊத்தித் தந்து, கூடப்பிறந்ததுகளுக்கும் சொல்லாததைச் சொல்வார்கள்.

பட்டியலைக் கிராம சேவையாளர் அலுவலகச் சுவரில் ஒட்டுவது வழக்கம், ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்காக. ஒட்டாவிட்டால் "உங்கட ஆக்களுக்குக் குடுத்திட்டியள்" என்பார்கள், அதுவும் நியாயமான பேச்சுத்தான். எக்செல் கோப்பில் எட்டு நிரல்தான் ஒட்டுவதற்கு உரியது. ஒன்பதாவது நிரலில் தெரிவுக்கான காரணம் இருக்கும், அதை மறைத்துவிட்டு அச்சடிக்க வேண்டும். அன்றைக்கு மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது, நான் அவசரத்தில் அப்படியே அடித்துக் கொண்டுபோய் ஒட்டிவிட்டேன்.

மத்தியானம் தருமபுரம் பக்கத்து அக்கா ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மகனுக்கு மனநலக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார்கள். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பேசவே இல்லை. "பிள்ளை, எங்களுக்கு வீடு வேண்டாம். அந்தத் தாளைக் கழட்டிவிடுங்கோ" என்றார், அவ்வளவுதான். ஓடிப்போய்க் கழட்டினேன். பசை காயாத இடத்தில் பாதி கிழிந்து சுவரிலேயே நின்றுவிட்டது, நகத்தால் சுரண்டினேன். அதற்கிடையில் இரண்டு பெடியள் போனில் படம் எடுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தப்படி இப்படி ஏதும் நடந்தால் உடனே மேலாளருக்கு அறிவிக்க வேண்டும். நான் பின்னேரம் வரை வாயைத் திறக்கவில்லை, பயம். இரண்டாம் நாள் கடிதம் வந்தது. கடித உறையில் 'இரகசியமானது' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். என்னுடைய பிழையை மூடிவைக்க ஒரு உறை இருந்தது. அந்த அக்காவிடம் நிறுவனத்தின் பெயரில் ஒருவரும் போகவில்லை, நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தச் சம்பந்தம் என்னவானது என்று கேட்கத் துணிவு வரவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்போதும் பிளேன்ரீ தந்தார்.

அதன்பிறகுதான் அந்தப் பந்தியை அகராதியோடு இருந்து வாசித்தேன். வேலைக்காக அறிந்ததை வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், மூன்றாம் தரப்புக்குச் சொல்லக்கூடாது, சட்டம் கேட்டால் மட்டும் விதிவிலக்கு, விலகும்போது எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், விலகிய பிறகும் இரண்டு வருடம் இந்தக் கடமை தொடரும். ஊரில் மூன்றாம் தரப்பு என்றால் யார்? இரவு சோறு போட்டுக்கொண்டு "உவள் பிள்ளைக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்கிற என் அம்மாவும்தானே. ஆனால் அந்தக் கையெழுத்து எனக்கு உதவியும் இருக்கிறது. சந்தியில் மறித்து, எந்தெந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்று கேட்டவர்களிடம், "நான் சொன்னால் வேலை போயிடும், அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வரலாம். கடிதம் எழுதியவர் ஒருவரும் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு ஒரு வரி. சேகரிக்கும் தகவல் எல்லாம் நிறுவனத்தின் சொத்தாம். அந்த அக்காவின் மகனுடைய வருத்தம் எப்படி நிறுவனத்தின் சொத்தாகும்? 2022 இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உடல்நலம், சிறுவர் பற்றிய தரவெல்லாம் விசேட வகை என்று எழுத்தில் இருக்கிறது. இப்போது எந்த ஒப்பந்தத்தையும் அந்தப் பந்தியிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறேன், எது இரகசியம் என்று விளக்கியிருக்கிறார்களா, எவ்வளவு காலம், தாள்களை யார் அழிப்பது என்று. கடைசிக் கேள்விக்கு ஆட்கள் சிரிப்பார்கள்.

நான் அங்கிருந்து விலகியது 2015இல். பிறகு அவர்களும் அலுவலகத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். 2018 வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது ஒரு அம்மாவிடம் கச்சான் சுருள் வாங்கினேன். நந்திக்கடல் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்று முடித்து, சுருளை எறியப் போனால் அதில் எங்கள் படிவம். கையெழுத்து என்னுடையதல்ல, கூட வேலைசெய்த தம்பியுடையது. குடும்பத் தலைவர், அடையாள அட்டை இலக்கம், காணாமல் போனவர் விபரம், எல்லாம் நீல மையில். என்னுடைய இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது.

திரும்பிப் போய், பெட்டிக்குக் கீழே இருந்த மிச்சத் தாளைத் தரச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை, வாசிக்கப் போறியளோ?"

"இல்லை அம்மா."

நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கட்டைத் தந்தார். தனக்குச் சுருள் சுற்ற வேண்டுமென்று அதிலிருந்து பத்துத் தாள் உருவப் போனார், என் கையில் இருந்த அன்றைய பேப்பரைக் கொடுத்து அதையும் வாங்கிக்கொண்டேன்.