மண் கேட்காத கிழங்கு: முடவாட்டுக்கால் சமைத்ததும் வளர்த்ததும்

ஆனி மாதக் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. அறப்பளீசுவரரைக் கும்பிட்டாயிற்று. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளை மேலிருந்து எட்டிப் பார்த்ததுமே அம்மாவின் முழங்கால் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அப்புறமென்ன, கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு டம்ளர் முடவாட்டுக்கால் சூப்பு.

குடித்துவிட்டு அம்மா மெதுவாகக் கேட்டார்: "இன்னைக்கு வெள்ளிக்கிழமைடா, கறி எதுவும் போடலையே?" அந்த அளவுக்கு ஆட்டுக்கால் சூப்பின் வாசம். கிழங்கை எடுத்துக் காட்டியதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. பழுப்பு ரோமம் அடர்ந்து, ஒரு சாண் நீளத்தில், கறிக்கடையில் வாட்டாமல் வைத்திருக்கும் ஆட்டுக்கால் மாதிரியேதான் இருக்கும்.

கிழங்கு என்று சொல்கிறோமே தவிர, இது ஒரு பெரணியின் தண்டு. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படர்வது. பூக்காது, காய்க்காது, பச்சை இலையின் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாக இருப்பதுதான் அதன் வித்துத்தூள். மலையில் மூட்டு வலிக்கும் கைகால் குடைச்சலுக்கும் இதைத்தான் காய்ச்சிக் குடிக்கிறார்கள், காய்ச்சல் இருமலுக்கும் கொடுப்பதுண்டு. சீன வைத்தியத்தில் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்றுக்கு 'உடைந்த எலும்பை ஒட்டுவது' என்றே பெயர். எங்கேயோ இருக்கிற இரண்டு ஊர்க்காரர்களும் எலும்புக்குத்தான் இதைத் தேடியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. கடைப் பலகையில் எழுதியிருந்த '4448 நோய்களுக்கும் மருந்து' மட்டும் பிடிக்கவில்லை. சித்த மருத்துவக் கணக்கில் மொத்த நோயே 4448தான். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை!

அரைக் கிலோ வாங்கி வந்தேன். பாதி சமையலுக்கு, பாதி நடுவதற்கு.

முதல் தடவை சூப்பு சொதப்பல். கேரட் சீவுவது போல் கத்தியால் லேசாகச் சுரண்டினால் ரோமம் பறந்து மூக்கில் ஏறியதுதான் மிச்சம். தோல் அங்கங்கே ஒட்டியிருந்ததை அப்படியே அரைத்துவிட்டேன். வடிகட்டியும் தொண்டையில் கரகரப்பு. அடுத்த தடவை தோலைத் தடிமனாகவே சீவி எறிந்தேன். உள்ளே இளம்பச்சையாக, கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். விரல் நீளத் துண்டைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி மிளகு, அதே அளவு சீரகம், ஆறு பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு தக்காளி சேர்த்து மிக்சியில் அரைத்து, நாலு டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூள், உப்பு போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். வடிகட்டி மேலே கொத்தமல்லித் தழை. மலையில் குடித்த ருசி முக்கால்வாசி வந்துவிட்டது. மிளகும் பூண்டும்தான் முக்கால் வேலையைச் செய்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

அம்மா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது முனகல் குறைந்திருக்கிறது. ஆனால் டாக்டர் சொன்ன கால் பயிற்சியும் அதே மாதம்தான் ஆரம்பித்தது. மார்க்கை எதற்குப் போடுவது? அம்மா சூப்புக்குப் போடுகிறார். பயிற்சி செய்யச் சோம்பல், அதுதான் காரணம்.

இனி நட்ட கதை. செம்மண், மணல், மாட்டெரு எல்லாம் கலந்து, தொட்டியில் இஞ்சி புதைப்பது போல் இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தேன். தினமும் தண்ணீர். ஆடி முழுக்க ஒன்றும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் கொழகொழவென்று கறுத்து, கிட்டப் போக முடியாத நாற்றம். சமையலறைக் கூடையில் மறந்துபோய்க் கிடந்த துண்டோ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வாடாமல் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆவணியில் தனியாக மறுபடி போனபோது அதே கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "பாறையில நிக்கறதுக்கு எதுக்குங்க சாமி மண்ணு? மரத்துல கட்டி விடுங்க, அதுவே புடிச்சுக்கும்." அப்புறம் குவியலைக் கிளறி, ஒரு முனையில் இளம் ரோமம் பொன்னிறமாகக் குவிந்திருந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த நுனியிலிருந்துதான் வளருமாம். நான் முதலில் நட்டது இரண்டு பக்கமும் வெட்டிய துண்டு.

கொல்லைப்புற வேப்பமரத்தின் கவட்டையில் தேங்காய் நாரை மெத்தையாக வைத்து, அதன் மேல் கிழங்கைப் படுக்கவைத்து, சணல் கயிற்றால் கட்டினேன். காலையில் ஒரு கை தண்ணீர் தெளிப்பதோடு சரி. புரட்டாசி மழைக்கு அப்புறம் ரோமத்துக்குள்ளிருந்து பழுப்பு நிற வேர்கள் இறங்கி நாரைப் பிடித்துக்கொண்டன. ஐப்பசியில் முதல் இலை. உள்ளங்கையில் பாதி இருக்கும், காம்பில்லாமல் கிழங்கோடு ஒட்டி, ஓரமெல்லாம் வெட்டுவெட்டாக. தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்ததும் அந்த இலை பழுப்பாகிக் காகிதம் மாதிரி காய்ந்துவிட்டது. செத்துவிட்டதென்று மனைவி பறிக்கப் போனாள், நல்லவேளை தடுத்துவிட்டேன். இந்தச் செடிக்கு இலை இரண்டு வகை. பச்சையாக நீண்டு வளர்வது ஒன்று. மற்றது இப்படிக் காய்ந்தும் உதிராமல் கூடை போல் நின்று, மேலிருந்து விழும் சருகைப் பிடித்துவைத்து மக்கவைக்கும். தனக்கு வேண்டிய எருவைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடிக்குத்தான் நான் மாட்டெரு போட்டிருக்கிறேன்.

இப்போது மாசி. வேம்பு இலை உதிர்க்கிறது. இன்று காலை எண்ணினேன்: அந்தக் காய்ந்த இலைக்குள் ஏழு வேப்பிலை, ஒரு செத்த கட்டெறும்பு.