களர் நிலத்துக்கு ஆலைக் கழிவு: எது உதவும், எது உதவாது

ஆலைக் கழிவுகளைக் கொண்டு உப்பு நிலத்தை மீட்கலாம் என்று பேசுபவர்களில் பலர் உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் ஒன்றாகவே கருதிவிடுகிறார்கள். உழைப்பு வீணாவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உவர் நிலத்தில் மிகுந்திருப்பது கரையும் உப்பு என்பதால், நல்ல நீரைத் தேக்கி வடித்தாலே அது குறையும். அதற்கு எந்தக் கழிவும் தேவையில்லை. களர் நிலத்திலோ களித்துகள்களைச் சோடியம் பற்றிக்கொண்டிருக்கும், மண்ணின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8.5-ஐத் தாண்டியிருக்கும், மண்கட்டமைப்பு குலைந்து, நீர் இறங்க வழியின்றி மேலேயே நிற்கும். இந்தச் சோடியத்தை அகற்றி அந்த இடத்தில் அமரக் கால்சியம் வேண்டும். அதைத் தருவது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட்.

சுரங்க ஜிப்சத்துக்கு மாற்றாக நான் முதலில் பரிந்துரைப்பது, அனல்மின் நிலையப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் கலவையால் பிடிக்கும்போது உருவாகும் ஜிப்சத்தைத்தான். அது பெரும்பாலும் தூய்மையானது. துகள்கள் நுண்ணியவை என்பதால் விரைவாகக் கரையும். ஒரு டன் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கையில் சுமார் 5 டன் வீதம் குவியும் பாஸ்போஜிப்சமும் சோடியத்தை நன்றாகவே அகற்றும். ஆனால் அதில் ஃபுளோரைடும் காட்மியமும் ரேடியமும் இருக்கக்கூடும் என்பதால், ஆய்வறிக்கை இல்லாமல் அதை வயலில் இறக்குவதை என்னால் ஏற்க முடியாது. (இலவசமாகத் தருகிறார்கள் என்றால், குப்பையை அகற்றும் செலவு அவர்களுக்கு மிச்சமாகிறது என்றும் பொருள்.)

சர்க்கரை ஆலையின் பிரஸ்மட்டில், அதாவது கரும்புச் சாற்றைத் தெளியவைத்து வடிகட்டியபின் எஞ்சும் கசடில், இன்னொரு நுட்பம் உண்டு. சாற்றைக் கந்தக முறையில் தெளியவைக்கும் ஆலையின் பிரஸ்மட் களர் நிலத்துக்கு ஏற்றது. கார்பனேற்ற முறையில் தெளியவைக்கும் ஆலையின் பிரஸ்மட்டில் மிகுந்திருப்பதோ கால்சியம் கார்பனேட். உயர்ந்த பி.எச். நிலவும் மண்ணில் அது அநேகமாகக் கரையாது. ஆகவே கால்சியம் இருந்தும் பயனில்லை. எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று கேட்பதோடு, எந்த முறை என்றும் கேட்க வேண்டும்.

அளவை மண் பரிசோதனைதான் தீர்மானிக்க வேண்டும். மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில், 100 கிராமுக்கு 1 மில்லி ஈக்விவலன்ட் (மண் பரிசோதனையில் பயன்படும் வேதியியல் அலகு) சோடியத்தை இடம்பெயர்க்க ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1.9 டன் தூய ஜிப்சம் தேவைப்படும். தூய்மை குறைந்தால் அளவு கூடும். இட்டபின் வயலைச் சமன்செய்து, வரப்பை உயர்த்தி, நீரைத் தேக்கி வடித்தால்தான் உருவான சோடியம் சல்பேட் வேர்மண்டலத்தைவிட்டு வெளியேறும். முதல் பயிராக நெல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு, அது களரை ஓரளவு தாங்கும் என்பதோடு தேங்கிய நீரிலேயே வளரும் என்பதும் காரணம். வடிகாலே இல்லாத தாழ்நிலமாக இருந்தால், ஜிப்சத்துக்கு முன் வாய்க்கால் வெட்டுவதுதான் முதல் வேலை.