மழைக்குக் கூடுதல் வாடகை, வேகம் மட்டும் அதே 80

இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி போய்வர 3,500 ரூபாய் என்று பேசி அமர்த்திய கார், அன்று மழை பெய்தது என்பதற்காக 4,000 ரூபாயாகிவிட்டது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊர் சுற்றும் எனக்கு அந்த 500 ரூபாய் பெரிய தொகைதான். ஆனாலும் மழையைச் சொல்லிப் பணம் கேட்டவர், அதே மழைக்காக வேகத்தைச் சற்றும் குறைக்கவில்லை என்பதை நினைத்தால்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

உச்சிப்புளியைத் தாண்டியதும் வடகிழக்குப் பருவமழை தன் முழு பலத்தையும் காட்டியது. முன்னால் சென்ற பேருந்தின் சக்கரங்கள் வாரியிறைத்த நீரில் சாலையின் வெள்ளைக் கோடே மறைந்துபோக, எங்கள் வண்டியின் முள்ளோ 80-இலேயே நின்றது. "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றேன். "தினம் ஓட்டுற ரோடுதான் சார்" என்றார். தினம் ஓட்டும் சாலைதான், ஆனால் தினமும் ஈரமாக இருக்கும் சாலை அல்ல. 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடந்துவிடுகிறோம். பிரேக்கை மிதிக்கக் கால் நகர்வதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். வேகத்தைப் பாதியாக்கினால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கில் ஒரு பங்காகிவிடும். தேங்கிய நீரை டயரின் பள்ளங்கள் வெளியேற்ற முடியாத வேகத்தில் போனால், டயர் சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் கைகொடுக்காது.

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளியது. அங்கும் சிலர் ஓரத்தில் காரை நிறுத்திக் கடலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு சிலர் நான்கு விளக்குகளையும் சிமிட்டவிட்டபடியே ஓட்டியதால், யார் நிற்கிறார், யார் திரும்புகிறார் என்பதே விளங்கவில்லை. பிரான்சின் விரைவுச்சாலைகளில் 130 என்னும் வரம்பு மழை பெய்தால் 110 ஆகக் குறைந்துவிடும். நம் பலகைகளிலும் மழைக்காலத்துக்கென இரண்டாவது எண் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பேன்.

தனுஷ்கோடியில் அரிச்சல்முனையைப் பத்து நிமிடம் பார்த்தோம். திரும்பும் வழியில் மண்டபத்தில் சாப்பிட்ட சீலா மீன் குழம்பு, புளியும் காரமும் அளவாகச் சேர்ந்து, அன்றைய எரிச்சலில் பாதியைக் கரைத்துவிட்டது. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் முன்னிருக்கையில் அமர்ந்து, 50-ஐத் தாண்டக்கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன், அவரும் கேட்டுக்கொண்டார். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம்வரை ஏறத்தாழ 55 கி.மீ. தூரத்தையும் இப்படி ஓட்டினாலும், 80-இல் போவதைவிட 25 நிமிடம்தான் கூடும்.

இறங்கிப் பணம் கொடுக்கும்போது முன் டயரைக் குனிந்து பார்த்தேன். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டதைக் காட்டும் தேய்மானக் குறியோடு டயர் சமமாகியிருந்தது. காலையில், வாடகை பேசுவதற்கு முன்பே, அதைப் பார்த்திருக்க வேண்டும்.