வகுப்பைக் கேட்டால் கணக்குத் தலைப்பைக் காட்டுவார்கள்

அமைச்சரும் உயர் அதிகாரிகளும் சொகுசு வகுப்பில் பறந்ததற்கு எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மத்திய அமைச்சகத்திடம் கேட்டேன். 'அவ்வாறு தொகுத்து வைக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இது முழுக்க நழுவல் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசுக் கணக்கில் உள்நாட்டுப் பயணச் செலவுக்கு ஒரு தலைப்பும் வெளிநாட்டுப் பயணச் செலவுக்கு ஒரு தலைப்பும்தான் உண்டு. எந்த வகுப்பில் போனார் என்பதற்குத் தனித் தலைப்பு கிடையாது. அது, பயணம் முடிந்து வந்தவர் கொடுக்கும் பயணப்படிப் பட்டியலில், டிக்கெட்டோடு கோப்புக்குள் கிடக்கிறது.

அமைச்சரின் பயணமோ அந்த அமைச்சகத்தின் கணக்கிலேயே இல்லை. மத்திய அமைச்சர்களின் சம்பளமும் பயணச் செலவும் உள்துறையின்கீழ் 'அமைச்சரவை' என்ற மானியக் கோரிக்கையில் வருகின்றன. அதனால் என் மனுவின் அந்தப் பகுதியை 6(3) பிரிவின்படி அங்கே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து மொத்தத் தொகை மட்டும் வந்தது.

பட்டியல்களின் நகல் கேட்டு அடுத்த மனுவைப் போட்டேன். இணையதளத்தில் பத்து ரூபாய் கட்டினால் போதும், அதில் சிரமமில்லை. ஆனால் பதிலில் இரண்டு முட்டுக்கட்டைகள் இருந்தன. நகல் எடுப்பது அலுவலகத்தின் ஆள்பலத்தை வீணடிக்கும் என்று 7(9) பிரிவு; அதிகாரிகளின் தனிப்பட்ட விவரம் என்று 8(1)(j) பிரிவு. முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, முப்பது நாட்களுக்குள் போட வேண்டும். அதில், பெயர் வேண்டாம், பதவியும் தேதியும் கட்டணமும் போதும். நகலும் வேண்டாம், 2(j) பிரிவின்படி நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். வங்கிக் கணக்கு எண்ணையும் வீட்டு முகவரியையும் மறைத்துவிட்டுக் காட்டலாம் என்று மேல்முறையீட்டு அலுவலர் உத்தரவிட்டார். இனிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(j)-இல் இருந்த பொதுநல விதிவிலக்கை எடுத்துவிடுகிறது. ஆனால், பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டில் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கோப்புகளைப் பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு ஐந்து ரூபாய். டெல்லியிலேயே இருப்பதால் எனக்கு இது முடிந்தது; திருநெல்வேலியில் இருப்பவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

2009-இல் நிதி அமைச்சர் பிரணாப் முகர்ஜி சக அமைச்சர்களை எகானமியில் பறக்கச் சொன்னதையும், அப்போது இணையமைச்சராக இருந்த சசி தரூர் ட்விட்டரில் எகானமியைக் 'கால்நடை வகுப்பு' என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கோப்பைத் திறந்தேன். அதிகாரிகள் முதல் வகுப்பில் பறக்க 2014 அக்டோபரிலேயே நிதி அமைச்சகம் தடை போட்டிருந்தது. 2017 ஆணைப்படி உள்நாட்டில் பிசினஸ் கிளாஸ் தகுதி இணைச் செயலர் நிலையிலும், அதாவது ஊதிய நிலை 14-இலும், அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். நான் பார்த்த பட்டியல்களில் இந்த வரம்பை யாரும் தாண்டவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகுதான் டிக்கெட் வாங்கிய தேதிகளைக் கவனித்தேன். பயணத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் வாங்க வேண்டும், தகுதியுள்ள வகுப்பில் இருப்பதிலேயே மலிவானதை எடுக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் வாங்கினால் காரணம் எழுதித் தர வேண்டும் என்று 2022 ஜூனில் நிதி அமைச்சகம் ஆணையிட்டது. என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் முந்தின நாள் வாங்கிய டிக்கெட்டுகள். பல மாதங்களுக்கு முன்பே தேதி குறித்த கருத்தரங்குக்கும் அப்படித்தான். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'அலுவல் அவசரம்' என்ற இரண்டே சொற்கள், கோப்புக்குக் கோப்பு. முன்கூட்டியே வாங்கிய பிசினஸ் டிக்கெட்டை விட, கடைசி நேரத்தில் வாங்கிய எகானமி டிக்கெட்டுக்கு அதிகம் கொடுத்த பட்டியலும் இருந்தது. வகுப்பை மட்டும் பார்த்துக் கூச்சல் போடும் நமக்கு இது தட்டுப்படுவதே இல்லை.

இப்போது வேறொரு துறைக்கு எழுதியிருக்கும் மனுவில் 'வகுப்பு' என்ற சொல்லையே விட்டுவிட்டேன். 72 மணி நேரத்துக்குள் வாங்கிய டிக்கெட்டுகளுக்கான காரணக் குறிப்புகளையும், அவற்றுடன் இணைந்த பயணப்படிப் பட்டியல்களையும் நேரில் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.