பேப்பூர்: ஆட்டோவில் போன காசும் ஆற்றங்கரையில் நின்ற உருவும்

கேரளத்தில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான பேப்பூருக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஆட்டோக்காரரைத் திட்டித் தீர்க்காமல் விரல் நகர மாட்டேன் என்கிறது.

கோவையிலிருந்து பேப்பூருக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஃபரோக் வரை ரயிலில் பொதுப்பெட்டிதான், சல்லிசு. இறங்கியதுமே "அண்ணாச்சி, பேப்பூரா?" என்றது ஒரு குரல். நான் வாயைத் திறக்கவே இல்லை, எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ! மீட்டரைத் துணியால் மூடி வைத்திருந்தார். இறக்கிவிட்டு 300 கேட்டார். திரும்பும்போது இரண்டு பஸ் மாறியும் 30 ரூபாய் தாண்டவில்லை. ஏறும் முன் கேட்காதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வயிற்றெரிச்சலோடு புலிமுட்டில் நடந்தேன். கடலுக்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளும் கல் அணை. எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். உச்சி வெயிலில் அது அடுப்பு. சாயங்காலம் போங்கள்.

மனசு மாறியது சாலியாற்றங்கரையில். உரு கட்டுகிறார்கள், மரக்கப்பல். அரபு நாட்டு வியாபாரிகளுக்காக நூற்றாண்டுகளாக இங்கே நடக்கும் வேலை. ஒரு காலத்தில் நிலம்பூர்க் காட்டுத் தேக்கு இந்த ஆற்றிலேயே மிதந்து வந்ததாம். பாதி முடிந்த உரு ஒன்று மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. கேட்டுவிட்டு உள்ளே போனேன். முதலில் வெளிப்பலகையை வளைத்துப் பூட்டி, பிறகுதான் உள்ளே வங்கு, அதாவது விலா எலும்பு மாதிரியான கட்டைகள், வைக்கிறார்கள். நாம் எலும்புக்கூடு முதலில் என்றுதானே நினைப்போம்?

பலகை இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியைத் திணித்து, உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். தண்ணீர் கசியாமல் இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலை. டொக் டொக் என்று மொத்தையாகக் கேட்ட சத்தம், திரி இறுகியதும் கணீரென்று மாறியது. கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு அடுத்த சாணுக்கு நகர்ந்தார். "இக்கா, பிளான் எங்கே?" என்றேன். உளியாலேயே நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார். வரைபடமே கிடையாது, கணக்கெல்லாம் மூத்த ஆசாரியின் தலைக்குள்.

கட்டிய உருவைத் தண்ணீரில் இறக்குவது கலாசிகள், பரம்பரையாகக் கப்பல் இழுக்கும் தொழிலாளர்கள். கயிறு, கப்பி, உருளைக்கட்டை, ஆள்பலம், அவ்வளவுதான். 1988இல் கொல்லம் பக்கம் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் அஷ்டமுடி ஏரிக்குள் விழுந்ததே, அந்தப் பெட்டிகளைத் தூக்க வந்ததும் மாப்பிள்ளைக் (மலபார் முஸ்லிம்) கலாசிகள்தான்.

சாப்பாடு! துறைமுகத்துக்குப் பின்னால் பெயர்ப்பலகை இல்லாத கடை. மட்டை அரிசிச் சோறு, பச்சை மாங்காய் போட்ட மத்திக் குழம்பு, கல்லுமக்காய் (கடல் சிப்பி) வறுவல். வறுவலுக்குத் தனிக்காசு என்று தெரிந்தும் இரண்டாவது தட்டு சொன்னேன். ஆட்டோவில் விட்ட காசை நினைத்து மூன்றாவதை மட்டும் அடக்கிக்கொண்டேன்.

எதிர்க்கரை சாலியம். கேரளத்தின் முதல் ரயில் 1861இல் அந்தக் கரைக்கும் திரூருக்கும் இடையே ஓடியது. ஜங்காரில், அதாவது வண்டிகளையும் ஏற்றும் படகில், கடக்கலாம் என்றார்கள். எனக்கு நேரமில்லை.

ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகம் பார்க்கப் போகிறவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள். தங்குமிடம் பற்றிக் கேட்காதீர்கள், ராத்திரியே கோவை வந்து சேர்ந்துவிட்டேன்.