நாக்கூராவில் கொடி கைமாறுகிறது

ஜூன் 24, 2025

காலையில் டிவியைப் போட்டால் ஈரான், இஸ்ரேல் போர்நிறுத்தம்தான் ஓடுகிறது. நான் தேடிய செய்தி அதில் வராது என்று தெரியும், போனில்தான் பார்த்தேன். தெற்கு லெபனானில் இருக்கும் ஐ.நா. அமைதிப்படைக்கு, அதாவது யூனிஃபிலுக்கு, இன்று புதுத் தளபதி. ஸ்பெயின்காரர் அரோல்டோ லாசரோ விடைபெறுகிறார், இத்தாலிக்காரர் தியோதாத்தோ அபன்யாரா பொறுப்பேற்கிறார். இடம் நாக்கூரா தலைமையகம். இத்தாலிக்கு இந்த நாற்காலி புதிதில்லை. 2007இல் கிராசியானோ, அப்புறம் செர்ரா, போர்த்தொலானோ, தெல் கோல். இவர் ஐந்தாவது.

லாசரோ 2022 பிப்ரவரியில் வந்தவர். அவர் காலத்தில்தான் இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹெஸ்பொல்லா ஆயுதக் குழுவுக்கும் 2024 போர். எல்லையிலிருந்து விலகிப் போங்கள் என்று இஸ்ரேல் சொன்னபோது படை நகரவில்லை. அக்டோபர் 10 அன்று நாக்கூராவின் கண்காணிப்புக் கோபுரத்தை இஸ்ரேல் டாங்கி சுட்டு, படையிலிருந்த இந்தோனேசியர் இருவர் காயப்பட்டார்கள். மறுநாள் இலங்கை வீரர்கள் இருவர். அப்போதும் அசையவில்லை. அந்த முடிவை அவர் தனியாக எடுத்திருக்க முடியாது, படை அனுப்பிய நாடுகளும் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அது ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 25

நான் அங்கே இந்திய பட்டாலியனில் இருந்தபோது, 2004 தொடக்கத்தில், ஒரு தளபதி மாற்றம் வந்தது. போனவர் நம் நாட்டு லலித் மோகன் திவாரி, வந்தவர் பிரெஞ்சு ஜெனரல் அலன் பெல்லெக்ரினி. விழா மேற்கே கடலோரம் நாக்கூராவில். நாங்கள் கிழக்குக் கோடியில், ஹெர்மோன் மலைப்பனி தெரியும் பக்கம். 1998இலிருந்து இந்திய பட்டாலியன் அங்கேதான். எங்களுக்குத் தெரிந்த மாற்றம், சுவரில் ஒரு போட்டோ கழன்று இன்னொன்று ஏறியது. ரோந்து அட்டவணை அப்படியே இருந்தது. சப்பாத்தியும் அப்படியே.

'தளபதி மாறினா ஆர்டர் மாறாதா மாமா?' என்று அக்கா மகன் கேட்கிறான். அவன் நினைக்கிற தளபதி வேறு. ஐ.நா. தளபதியிடம் படையின் அன்றாட வேலை மட்டும்தான் ஒப்படைக்கப்படுகிறது. எங்கே ரோந்து, எந்த போஸ்டில் எத்தனை பேர் என்பது அவர் கையில். தண்டனை, பதவி உயர்வு எல்லாம் சொந்த நாட்டின் கையில். கொஞ்சம் ஆபத்தான உத்தரவு வந்தால் பட்டாலியன் தலைவர் முதலில் தன் தலைநகரத்தைத்தான் கேட்பார். எந்த நாட்டுக்காரரானாலும் இதுதான். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 10,000 பேர். உத்தரவு போட்டே இவர்களை ஓட்டிவிட முடியாது, பேசித்தான் ஓட்ட வேண்டும்.

ஜூன் 29

அப்படியானால் புதுத் தளபதி கையில் வாங்குவது என்ன? என்னைக் கேட்டால், ஒரு மேஜை.

2006 போருக்குப் பிறகு ராஸ் நாக்கூராவில் முத்தரப்புக் கூட்டம் என்று ஒன்று நடந்துவந்தது. ஒரு பக்கம் லெபனான் ராணுவ அதிகாரிகள், எதிர்ப்பக்கம் இஸ்ரேல் அதிகாரிகள், தலைமையில் யூனிஃபில் தளபதி. இரண்டு நாடுகளும் சட்டப்படி இன்னும் போர்நிலையில்தான் இருக்கின்றன. அதனால் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். பேச்சு நின்றுபோன பங்காளிகள் பெரியவரைப் பார்த்து 'அவர்கிட்ட சொல்லிடுங்க' என்பார்களே, அந்த மாதிரி எல்லாம் தளபதியைப் பார்த்தே சொல்லப்படும். நீலக்கோட்டில் எந்த இடத்தில் அடையாளப் பீப்பாய் நடுவது, ஆடு மேய்க்கிறவன் கோடு தாண்டினால் என்ன செய்வது என்று அங்கே பேசித் தீர்த்தவை நிறைய. அந்தக் கோடு எல்லைகூட இல்லை. 2000இல் இஸ்ரேல் வெளியேறியதைச் சரிபார்க்க ஐ.நா. போட்ட, சுமார் 120 கிலோமீட்டர் நீளக் கோடு, அவ்வளவுதான்.

நாக்கூராவில் சில காலம் வண்டி ஓட்டிய தம்பி ஒருவன் போனில் சொன்னான்: 'அண்ணே, அங்க ஜெனரலோட பெரிய ஆயுதமே டெலிபோன்தான்.' ரெண்டு பக்கமும் நம்பி போனை எடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கொடியோடு சேர்த்துக் கொடுத்துவிட முடியாது, வருகிறவர் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

அபன்யாரா வருகிற நேரத்தில் அந்த மேஜையே மாறிவிட்டது என்பதுதான் சங்கடம். 2024 நவம்பர் 27 போர்நிறுத்தத்துக்குப் பிறகு அதைக் கண்காணிக்கும் குழுவுக்கு அமெரிக்கா தலைமை. பிரான்சும் கூட இருக்கிறது. யூனிஃபில் கூட்டத்துக்கு இடம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 6

இன்று எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டாலியனின் கால்நடை டாக்டர் நினைவுக்கு வந்தார். சுற்றுக் கிராமத்து ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பது அங்கே இந்தியர்களின் பழைய வழக்கம். நாக்கூராவில் யார் தளபதி என்று தெரியாத பாட்டிக்கும் அந்த டாக்டரைத் தெரியும்.

ஆகஸ்ட் 29

நேற்று பாதுகாப்பு சபை 2790ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிவிட்டது. வரைவு பிரான்சுடையது, சீக்கிரம் மூடச் சொன்னது அமெரிக்கா. யூனிஃபிலுக்குக் கடைசி நீட்டிப்பு 2026 டிசம்பர் 31 வரை, அதன் பிறகு ஒரு வருஷத்துக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும். 1978 மார்ச்சில் 'இடைக்காலப் படை' என்று தொடங்கியது. பெயரில் இன்னும் இடைக்காலம்தான்.

பொறுப்பேற்று இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அபன்யாராவின் வேலையே மாறிவிட்டது. இனி போஸ்டுகளை ஒவ்வொன்றாக லெபனான் ராணுவத்திடம் ஒப்படைக்க வேண்டும், அதுவரை ரோந்தும் நிற்கக்கூடாது. மூட்டை கட்டிக்கொண்டே காவல் காக்கும் படையின் போனை ரெண்டு பக்கமும் முன்போல் எடுப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

தம்பிக்குத் தீர்மானச் செய்தியை அனுப்பினேன். 'நம்ம போஸ்ட்ல யாரு உக்காருவாங்க அண்ணே?' என்று கேட்டிருக்கிறான். லெபனான் ராணுவம்தான் என்று பதில் போட்டேன். 'சம்பளத்துக்கே திண்டாடுற ராணுவம் அது' என்று அவன் திருப்பி எழுதியிருக்கிறான்.