டி.சி. கைக்கு வருவதற்குள்: தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறிய அனுபவம்

தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்த என் மகளை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால், அவளை விடுவிக்க வேண்டிய பள்ளி மாற்றுச் சான்றிதழை (டி.சி.) கையில் கொடுப்பதற்குள் கோடை விடுமுறை முடிந்து, பள்ளிகள் திறந்து, முதல் பருவப் பாடங்களே நடக்கத் தொடங்கிவிட்டன. இதே வழியில் போகவிருக்கும் பெற்றோர் பலர் இருப்பதால், எங்கே சிக்கியது, எது பலித்தது என்பதைக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தேர்ச்சி அறிக்கை கொடுத்த வாரத்திலேயே டி.சி. கேட்டுப் போனோம். விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும், "தாளாளர் ஊரில் இல்லை, அவர் கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்க முடியும், வந்ததும் நாங்களே அழைக்கிறோம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அழைப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக, அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் எண்ணும் என் கணவரின் எண்ணும் நீக்கப்பட்டிருந்தன. நிர்வாகம் மட்டுமே செய்தி அனுப்பக்கூடிய குழு அது. கட்டணத்திற்கான கடைசித் தேதி, சீருடை அளவு, ஆண்டு விழாவிற்கான ஒத்திகை என்று பள்ளி எங்களிடம் பேசிய ஒரே வழியும் அதுதான். டி.சி. கேட்ட பெற்றோருக்குச் சொல்ல இனி எதுவும் இல்லை என்று பள்ளி முடிவு செய்துவிட்டது போலும். மாணவர்களின் ஓவியக் கோப்புகளையும் கைவினைப் பொருள்களையும் ஒரு சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு அந்தக் குழுவில் வந்தது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் போய்க் கேட்டபோது, மிச்சமிருந்ததை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். டி.சி. கேட்பதற்கு முன்பே குழுவில் உள்ள சுற்றறிக்கைகளையும் கட்டண ரசீதுகளையும் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் அவளுக்குரிய எண்ணை, தேர்ச்சி அறிக்கையிலிருந்தோ அடையாள அட்டையிலிருந்தோ குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான் நகரும்.

அடுத்த முறை போனபோது தாளாளர் ஊரில்தான் இருந்தார். இப்போது தடையாக வந்தது நாட்குறிப்பேட்டின் கடைசிப் பக்கம். வருகை, தாமதம், நகம் வெட்டுதல், பிறந்த நாளுக்கு மிட்டாய் கொண்டு வருதல் என்று வரிசையாகப் போகும் விதிமுறைகளின் அடியில், பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஒரு விதி இருந்தது. மார்ச் 31-க்குள் எழுத்து மூலம் தெரிவிக்காமல் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் பெற்றோர், அடுத்த கல்வியாண்டின் முதல் பருவக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும் என்பது அதன் சாரம். கீழே என் கையெழுத்து இருந்தது. ஜூன் மாத முதல் வாரத்தில் குழந்தை கொண்டுவந்து நீட்டும் நாட்குறிப்பேட்டில் எல்லாப் பெற்றோரும் போடும் கையெழுத்துதான் அது. போடாவிட்டால் மறுநாள் வகுப்பில் நிற்க வேண்டியது குழந்தை. "பெற்றோரின் எதிர்பார்ப்பும் பள்ளியின் எதிர்பார்ப்பும்" என்று சேர்க்கையின்போது ஒரு மணி நேரம் பேசிய முதல்வர் இந்த விதியைப் பற்றி மட்டும் வாய் திறந்ததே இல்லை.

"முதல் பருவக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், இன்றைக்கே டி.சி. போட்டுத் தருகிறோம்" என்றார் எழுத்தர். என் மகள் ஒரு நாள்கூட உட்காரப்போகாத நான்காம் வகுப்பிற்கு எதற்குக் கட்டணம் என்று கேட்டபோது, நாட்குறிப்பேட்டையே மீண்டும் விரலால் தட்டிக் காட்டினார். தனியார் பள்ளிகள் வசூலிக்கும் கட்டணத்தைக் குழு அமைத்து நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தக் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் வசூலிக்கவும் கூடாது. எனவே, "இந்தத் தொகையைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்று பள்ளியின் முத்திரையுடன் எழுதிக் கொடுங்கள், கட்டுகிறேன்" என்று கேட்டேன். அவர் உள்ளே போய்விட்டு வந்து, அப்படியெல்லாம் எழுதித் தரும் வழக்கம் இல்லை என்றார். வாயால் கேட்கத் துணிகிற தொகையைத் தாளில் எழுதத் துணியாத பள்ளிகள் பல உண்டு என்பதை அந்த இடத்தில் தெரிந்துகொண்டேன். பணம் கேட்டால் வாக்குவாதம் செய்யாமல், எழுத்தில் கேளுங்கள்.

இதற்குள் பள்ளிகள் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. டி.சி. இல்லாமல் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்ற கவலையோடுதான் ஒன்றியப் பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனேன். அவர் பிறப்புச் சான்றிதழின் நகலையும் ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு, எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, "டி.சி. வரும்போது வரட்டும் அம்மா, பிள்ளையைத் திறக்கிற அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்" என்றார். இதைத் தயவு என்று நினைத்துத்தான் நன்றி சொன்னேன். தயவு இல்லை, சட்டம் என்று அவரே விளக்கினார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, எந்தக் காரணத்திற்காகவும் வேறு பள்ளிக்கு மாற விரும்பும் குழந்தைக்குப் பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. சான்றிதழ் வழங்கத் தாமதிக்கும் தலைமை ஆசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தப் பிரிவு தரும் மாறுதல் உரிமை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ போகிற குழந்தைக்கு உரியது. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மாறும் உரிமையை அது தருவதில்லை. தனியாரிலிருந்து தனியாருக்குப் போகும் என் தோழி ஒருத்தி இதே பிரிவைச் சொல்லிப் போராடி வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள்.

வகுப்பில் உட்காருவதில் சிக்கல் இல்லை, ஆனால் எமிஸ் இருக்கிறதே. தலைமை ஆசிரியர் என் கண் முன்னாலேயே கைப்பேசியில் எண்ணைத் தட்டிப் பார்த்தார். மகளின் பெயர், என் பெயர், பிறந்த தேதி எல்லாம் வந்தன. பள்ளியின் பெயருக்கு நேராகப் பழைய பள்ளியே நின்றது. பழைய பள்ளி அவளை விடுவித்துப் பொதுத் தொகுப்பிற்கு, அதாவது ஆசிரியர்கள் காமன் பூல் என்று சொல்லும் இடத்திற்கு, அனுப்பினால்தான் புதிய பள்ளி அவளைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியும். அதுவரை தினசரி வருகைப்பதிவில் அவள் பெயர் ஏறாது. தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் மதிப்பீட்டில் அவளுக்கு வரிசை இருக்காது. சீருடைக் கணக்கிலும் வர மாட்டாள். பாடநூல்களை மட்டும் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் அவளை உட்கார வைத்துவிட்டுத்தான் கணக்கைப் பற்றி யோசித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடிதம் எழுதியது இந்தக் கட்டத்தில்தான். பள்ளி முதல்வருக்கு, தாளாளருக்கு நகல் என்று குறிப்பிட்டு, ஒரே பக்கத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: குழந்தையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண்; முதலில் விண்ணப்பித்த தேதி; மூன்றாம் வகுப்பு வரையிலான கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டுவிட்டது என்பதும் ரசீது எண்களும்; சேரும் பள்ளியின் பெயர்; 5-ஆவது பிரிவின்படி உடனே சான்றிதழ் வழங்கி எமிஸிலும் விடுவிக்கக் கோரிக்கை. குற்றச்சாட்டோ உபதேசமோ ஒரு வரிகூட இல்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கடிதம் வாங்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று வாயிற்காவலர் வரை எல்லாரும் சொன்னார்கள். எனவே ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பினேன். அட்டை அந்தப் பள்ளியின் முத்திரையோடு திரும்பி வந்தது. அதன் அருமை பிறகுதான் தெரிந்தது.

கடிதத்திற்குப் பதில் இல்லை. மனுவை எடுத்துக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலகத்திற்குப் போனது வீண் அலைச்சல். அன்று அலுவலர் மாவட்டத் தலைநகரில் ஆய்வுக் கூட்டத்திற்குப் போயிருந்தார். மதியம் வரை உட்கார்ந்த பிறகு ஓர் உதவியாளர் மனுவைப் படித்துப் பார்த்து, தனியார் பள்ளி தங்கள் கையில் இல்லை, அதற்கென்று தனியாக மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார் என்றார். இதைக் காலையிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். மாவட்டக் கல்வி அலுவலகங்களைத் தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என்று பிரித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பெற்றோருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வீட்டுக்கு வந்ததும் 14417 என்ற கல்வி உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர் விவரங்களைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, எந்த அலுவலகத்தில் எந்த அலுவலரிடம் மனுவைக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். பேருந்து ஏறுவதற்கு முன்பே அந்த எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "பள்ளிக்கு எழுத்தில் கொடுத்தீர்களா, ஆதாரம் இருக்கிறதா?" என்பதுதான். கடித நகலையும் ஒப்புகை அட்டையையும் மேசையில் வைத்தேன். பிரிவு எழுத்தர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முத்திரையில் இருந்த தேதியைத் தாளில் குறித்தார், அங்கேயே பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினார். முதல் பருவக் கட்டணம் என்ற பேச்சு அந்த உரையாடலில் எழவே இல்லை. எழுந்திருந்தாலும் மறுமுனையில்தான் எழுந்திருக்க வேண்டும், அங்கே "சரிங்க சார்" என்பதைத் தவிர எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. மறுநாள் காலை பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அத்தனை நாளும் சார்ஜ் போடாமல் கிடந்ததோ என்னவோ அவர்களுடைய தொலைபேசி.

சான்றிதழை நீட்டியபோது எழுத்தருக்கு ஒரே அவசரம். நான் அங்கேயே நின்று வரி வரியாகப் படித்தேன். மகளின் பிறந்த தேதி ஆகஸ்டு 3. எண்ணால் எழுதும் இடத்தில் 03-08 என்று சரியாக இருந்தது. எழுத்தால் எழுதும் இடத்தில் "மார்ச் எட்டு" என்று இருந்தது. யாரோ மாதத்தையும் நாளையும் மாற்றிப் படித்து எழுத்தாக்கியிருக்கிறார்கள். சான்றிதழின் அடியில், மேற்கண்ட விவரங்கள் சரியானவை, எதிர்காலத்தில் மாற்றம் எதுவும் கோரமாட்டேன் என்று பெற்றோர் உறுதி கூறிக் கையொப்பமிடும் இடம் இருக்கிறது. பேனாவை எடுத்து அந்த இடத்தில்தான் வைத்தார் எழுத்தர். கையெழுத்துப் போடும் முன் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, பெயர், முதலெழுத்து, பிறந்த தேதியின் இரண்டு வடிவங்கள், அங்க அடையாளங்கள், படித்து முடித்த வகுப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அடித்துத் திருத்தித் தருவதாகச் சொன்னார். வேண்டாம், புதிதாக எழுதிக் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வேறொன்று தயாரித்தார்கள்.

சான்றிதழ் கையில் இருந்தும் எமிஸில் அவள் நகரவில்லை. "போர்ட்டல் வேலை செய்யவில்லை" என்பது இந்த முறை சொன்ன காரணம். புதிய பள்ளியின் கணினி வழியே பழைய பள்ளிக்குக் கோரிக்கை அனுப்பும் வசதி இருக்கிறது. தலைமை ஆசிரியர் அதைச் செய்ததோடு பழைய பள்ளிக்கும் தொலைபேசியில் பேசினார். நான் சொல்லி அசையாதது, அவர் சொல்லி ஒரே நாளில் அசைந்தது. டி.சி. வாங்கியதோடு வீட்டுக்குப் போய்விடாமல், எமிஸில் விடுவித்ததை அங்கேயே திரையில் காட்டச் சொல்வது நல்லது.

புதிய பள்ளியின் தகவல் தொடர்பும் குறையே இல்லாதது அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கூட்டம் இன்று மாலை என்ற செய்தி இன்று காலை குழந்தையின் வாய் வழியாகத்தான் வருகிறது, அதுவும் அவளுக்கு நினைவிருந்தால். வேலைக்குப் போகும் பெற்றோர் எப்படி வருவது என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தின் தேதியை ஆசிரியை குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதி அனுப்பினார். எழுத்து மூலம் கேட்கவோ ஒப்புகை அட்டை வாங்கவோ தேவைப்படவில்லை.

பழைய பள்ளியிடம் இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. சேர்க்கையின்போது திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய காப்புத்தொகைக்கும் இதே போல் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அசல் ரசீதைக் கேட்டார்கள், நகலை மட்டும் இணைத்தேன். அசலைக் கொடுத்துவிட்டால் பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது. ஒப்புகை அட்டை இந்த வாரம் திரும்பி வந்துவிட்டது, பணம் வரவில்லை. மாத இறுதி வரை பார்த்துவிட்டு, அட்டையோடு மீண்டும் அதே அலுவலகத்திற்குத்தான் போகவிருக்கிறேன்.